யாரும் தூர்வாராத சுனை

இந்தக் கதை என்னிடம் நேராக வரவில்லை, பிள்ளைகளே. ஏரியில் மண் அள்ளும் வண்டி ஓட்டுகிற ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது என் நண்பன் இளம்பரிதிக்குச் சொன்னாராம். அவன் எனக்குச் சொன்னான். இப்படிக் கைமாறி வந்த கதையில் கொஞ்சம் உதிர்ந்தும் இருக்கும், கொஞ்சம் ஒட்டியும் இருக்கும். எந்தக் காடு என்று அவனைக் கேட்டேன். தெரியவில்லை என்றான். அதனால் நானும் பெயர் போடவில்லை.

ஒரு காட்டில் ஒரு பாறைக்குன்று இருந்தது. குன்றின் உச்சியில் ஒரு சுனை. பெரிய சுனை ஒன்றுமில்லை. யானை ஒன்று படுத்துப் புரண்டால் நிறைந்துவிடும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கீழே ஆறு ஓடியது. ஆனாலும் அந்தக் காட்டில் அந்தச் சுனையைவிடப் பெரிய இடம் வேறு கிடையாது.

"உலகத்தின் முதல் யானை இந்தச் சுனையில்தான் முதல் வாய்த் தண்ணீர் குடித்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்று சொல்லும், யானைக் கூட்டத்தின் தலைவி. அதை எல்லோரும் பெரியம்மா என்று அழைத்தார்கள். தனக்குச் சாதகமான எதையும் பெரியம்மா மறந்ததே இல்லை.

"முதல் மயில் இந்தச் சுனையில்தான் தன் தோகையைப் பார்த்தது. அதற்கு முன்னால் உலகத்தில் அழகு என்று ஒன்றே இல்லை" என்று சொல்லும், மயில்களின் தலைவர் மயிலார். சொல்லும்போதே சுனையில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளும்.

"குடித்ததும் பார்த்ததும் இருக்கட்டும். தோண்டியது யார்? எங்கள் முதல் பன்றி. மூக்கால்!" என்று உறுமும், காட்டுப்பன்றிகளின் தலைவர் பன்றியார். பன்றியார் ஒரு பேச்சைப் பிடித்துவிட்டால் விடாது. வால் போனாலும் விடாது.

மூன்று கூட்டமும் முறை வைத்துக் கும்பிட்டன. காலையில் மயில்கள் வந்து சுனையைச் சுற்றி ஆடும். உச்சி வெயிலில் பன்றிகள் வந்து சேற்றில் புரளும். மாலையில் யானைகள் வந்து இறங்கி நின்று தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்.

ஒரு கூட்டம் போகும்போது அடுத்த கூட்டம் வரும். அந்த நேரத்தில்தான் வம்பு.

"சேற்றில் புரளுவதற்குப் பெயர் வழிபாடா? அதை உன் வீட்டிலேயே செய்யக் கூடாதா?" என்று மயிலார் கேட்கும்.

"நீ ஆடுவதைப் பார்த்தால் சாமி கும்பிட வந்தவன் மாதிரி இல்லை. பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கிறது" என்று பன்றியார் பதில் சொல்லும்.

"சும்மா இருங்கள், நேற்றுப் பிறந்தவர்களா!" என்று பெரியம்மா பிளிறும்.

வம்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் அந்தக் காட்டில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. எந்த நீர்நிலையை யார் தூர்வாருகிறார்களோ, அது அவர்களுக்குச் சொந்தம்.

நல்ல வழக்கம்தான். பாடுபட்டவனுக்குத் தண்ணீர். ஆனால் இந்தச் சுனை விஷயத்தில் அது வேறு மாதிரி வேலை செய்தது. பன்றிகள் மண்ணைக் கிளறிக் கரையில் போட்டால் யானைகள் ஓடிவந்து அதைத் திரும்ப உள்ளே தள்ளின. யானைகள் ஒரு கல்லைத் தூக்கினால் மயில்கள் கூச்சல் போட்டன. மயில் ஒன்று தெரியாத்தனமாக ஒரு சருகைக் கொத்தி வெளியே போட்டதற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் அந்தச் சருகைத் தேடி எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் சுனைக்குள் போட்டார்கள்.

ஒரு காற்றில் கரையிலிருந்த மரத்தின் கிளை முறிந்து சுனையின் ஓரத்தில் விழுந்தது. யார் எடுப்பது? எடுத்தவருக்குச் சுனை சொந்தமாகிவிடுமே! அதனால் கிளை அப்படியே கிடந்தது. யானைகள் அதைச் சுற்றி இறங்கின. பன்றிகள் அதை விட்டுத் தள்ளிப் புரண்டன. பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். கிளை ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்கவும் ஆளில்லை. குட்டிகள் சுனையைக் கும்பிட்ட கையோடு கிளையையும் கும்பிட்டுவிட்டுப் போயின.

அந்தச் சுனையில் ஒரு தவளை குடியிருந்தது. அதற்கு எந்தக் கூட்டமும் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

கோடை மழை ஒன்று பெய்தது. தவளை முட்டையிட்டது. முட்டை பொரிந்து, சுனை முழுவதும் கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. ஆனால் அதே மழை கரை மண்ணையும் கரைத்துக்கொண்டு வந்து சுனையில் சேர்த்திருந்தது. ஏற்கெனவே தூர்ந்த சுனை. இப்போது தண்ணீர் தவளையின் முழங்கால் அளவுதான் நின்றது.

தவளை வெயிலைப் பார்த்தது. பிள்ளைகளைப் பார்த்தது. கால் முளைப்பதற்குள் தண்ணீர் வற்றிவிடும். ஆற்றுக்குக் கொண்டுபோனால் மீன்கள் விடாது.

உச்சி வெயிலில் வந்த பன்றியாரிடம் போய்க் கேட்டது. "பன்றி மாமா, கொஞ்சம் தூர்வாரிக் கொடுங்களேன். என் பிள்ளைகள் செத்துவிடும்."

"இவ்வளவுதானே? இப்போதே வாருகிறேன்!" பன்றியார் மூக்கைத் தாழ்த்தியது. பிறகு நிமிர்ந்தது. "ஆனால் சுனை எங்களுடையது என்று நீ சாட்சி சொல்ல வேண்டும்."

கரையில் காவலிருந்த மயில் அகவியது. அந்தச் சத்தத்தில் யானைகள் ஓடிவந்தன. பன்றியார் மூக்கை எடுத்துக்கொண்டது.

மாலையில் பெரியம்மாவிடம் கேட்டது. "பெரியம்மா, நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே?"

பெரியம்மாவின் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. "எனக்குத் தெரியாதா, கண்ணே? நான் வாரமாட்டேன் என்றா சொல்கிறேன்? அந்த இரண்டு பேரும் கரையில் நின்று, 'நீங்கள்தான் உரியவர், நீங்களே வாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒரு நொடியில் வாரிவிடுகிறேன்."

மறுநாள் காலையில் மயிலாரிடம் கேட்டது.

"தூர்வாருவதா? நானா?" மயிலார் தன் காலைத் தூக்கிப் பார்த்தது. "ஆனால் ஒன்று சொல்கிறேன். மற்றவர்கள் வாருவதை நாங்கள் உயிரைக் கொடுத்தாவது தடுப்போம்."

தவளை கரையில் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தது. உச்சி வெயிலில் வந்த பன்றிகள் புரண்டு எழுந்து, உடம்பெல்லாம் சேற்றோடு வீட்டுக்கு நடந்தன. யாரும் தடுக்கவில்லை. அவை எடுத்துப்போவதும் இந்தச் சுனையின் மண்தானே?

தவளை பொய் சொல்லவில்லை. யாரிடம் எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, உண்மையைத்தான் சொன்னது.

"பெரியம்மா, நான் சொல்கிறேனென்று தப்பாக நினைக்கக் கூடாது. பன்றிக் கூட்டம் தினமும் எவ்வளவு சுனைமண்ணை உடம்பில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தீர்களா? எல்லாம் அவர்கள் வீட்டில்தான் உதிர்கிறது."

பெரியம்மாவின் காது விரிந்தது. "எங்கள் முதல் தாய் மிதித்த மண்ணா?"

"மண்ணுக்கு என்ன தெரியும், யார் உடம்பு என்று?"

"நாங்களும் எடுப்போம்! ஆனால்..." பெரியம்மா தயங்கியது. "எடுத்தால் தூர்வாரியதாக ஆகிவிடாதா? அவர்கள் வம்புக்கு வருவார்களே?"

"தூர்வாரினால் மண்ணைக் கரையில் கொட்டுவார்கள், பெரியம்மா. நீங்கள் நெற்றியில் அல்லவா பூசிக்கொள்ளப் போகிறீர்கள்? அதற்குப் பெயர் பக்தி."

அன்று மாலை யானைகள் தும்பிக்கை நிறைய மண்ணை எடுத்து நெற்றியில் பூசின. முதுகில் பூசின. மிச்சத்தை வீட்டுக்கும் எடுத்துப்போயின.

காலையில் வந்த மயிலார் சுனையைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு பள்ளம் தெரிகிறதே, என்ன?" என்று கேட்டது.

"அதுவா, அண்ணா? யானைகள் பிரசாதம் எடுத்தன."

"பிரசாதமா? அவ்வளவா? தும்பிக்கையாலா?" மயிலார் பின்னால் திரும்பிக் கத்தியது. "நம் ஆட்கள் எல்லோரையும் வரச்சொல்! பெட்டை, குஞ்சு, கிழடு, ஒருவர் பாக்கியில்லாமல்! நமக்கு இருப்பது சின்ன அலகு!"

உச்சி வெயிலில் பன்றிகள் வந்தன. செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. அவை ஒரு முறை புரண்டு, வீட்டில் போய் உதறிவிட்டு, திரும்ப வந்து மறுபடி புரண்டன.

"முறை முடிந்துவிட்டது, கிளம்பு!" என்றது பெரியம்மா.

"இது முறை இல்லை, பக்தி. பக்திக்கு நேரம் உண்டா?" என்றது பன்றியார்.

இப்படியே போயிற்று. சுனை ஆழமானது. பக்கத்துப் பாறையிலிருந்து ஊறிய தண்ணீர் பள்ளத்தில் தேங்கியது. தலைப்பிரட்டைகள் மேலும் கீழும் நீந்தி விளையாடின. தலைமுறை தலைமுறையாக யாராலும் தூர்வார முடியாத சுனையை மூன்று கூட்டமும் சேர்ந்து தூர்வாரிக்கொண்டிருந்தன. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

தவளை பெருமையில் தொண்டையை உப்பவைத்துக் கத்தியது. பிறகு, "போதும், பெரியம்மா. போதும், அண்ணா. வேண்டிய மட்டும் ஆழம் வந்துவிட்டது" என்றது.

"எதற்கு வேண்டிய மட்டும்?" என்றது பெரியம்மா. "பன்றிகள் எங்களைவிட ஒரு புரளல் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருக்கிறது."

"மயில்களுக்கு அலகு சின்னது என்றால் பாதி மண்தான் கொடுப்பீர்களா? அலகு சின்னதென்றால் பக்தியும் சின்னதா?" என்றது மயிலார்.

"நான் நிறுத்துகிறேன்" என்றது பன்றியார். "முதலில் அவர்கள் நிறுத்தட்டும்."

தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? கெட்ட பிறகும் தவளைக்கு வாய்தான் இருந்தது. "போதும், போதும்" என்று அது விடாமல் கத்தியது. அதைக் கேட்ட இளைய யானை ஒன்று, "பாருங்கள், தவளைகூட நம்மோடு சேர்ந்து துதி பாடுகிறது" என்றது.

ஒரு நாள் பன்றியாரின் மூக்கு வேறு ஒரு மண்ணில் இடித்தது. வண்டல் இல்லை. சாம்பல் நிறக் களிமண். கெட்டியாக, வழவழவென்று, எலும்பு மாதிரி இறுகியிருந்தது.

"இது என்ன?" என்றது பன்றியார். ஒரு துண்டைப் பெயர்த்து முகர்ந்தது. "அடே! நாம் இதுவரைக்கும் எடுத்தது மேலே மிதந்து வந்த மண். இதுதான் அசல்! நம் முதல் பன்றி தொட்ட மண்!"

"விலகு!" என்றது பெரியம்மா. "மிதித்து மிதித்து எப்படி இறுகியிருக்கிறது, பார்! பன்றிக்கு ஏது அவ்வளவு கனம்? எங்கள் முதல் தாய் மிதித்தது இது!"

"அந்தப் பளபளப்பைப் பாருங்கள், அதிலேயே தெரியவில்லையா யாருடையது என்று?" என்றது மயிலார்.

"வேண்டாம், பெரியம்மா! வேண்டாம், மாமா! அதைத் தொடாதீர்கள்!" தவளை ஒவ்வொருவர் காலருகேயும் தாவித் தாவிக் கத்தியது. "அது என் வீட்டுத் தரை!"

"உன் வீடா?" மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. அதுவரை அவை ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான். "இது எப்போது உன் வீடாயிற்று?"

அன்று முறையும் இல்லை, வரிசையும் இல்லை. எல்லோரும் இறங்கினார்கள். யானை தந்தத்தால் பெயர்த்தது. பன்றி மூக்கால் பெயர்த்தது. மயில் காலால் சீய்த்தது. களிமண் பாளம் பாளமாக வந்தது. அதன் அடியில் பாறை இருந்தது. பாறையில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது.

'களக்' என்று ஒரு சத்தம்.

தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. பிறகு வெடிப்புக்குள் இறங்கிப் போய்விட்டது.

பெரியம்மாவின் தும்பிக்கையில் ஒரு பாளம் மண் இருந்தது. மயிலார் பழக்கத்தில் குனிந்து தன் அழகைப் பார்த்தது. கல்தான் தெரிந்தது.

"நீதான்!" என்றது பன்றியார், யானையைப் பார்த்து.

"நீதான்!" என்றது மயிலார், பன்றியைப் பார்த்து.

"நான் அப்போதே சொன்னேன்" என்றது பெரியம்மா. என்ன சொன்னது என்று யாருக்கும் நினைவில்லை.

தவளை அவர்களைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தது. ஈரப் பாறையில் பார்த்தது. வெடிப்பின் ஓரத்தில் பார்த்தது. எங்கேயும் இல்லை. கடைசியில் அந்தப் பழைய கிளை கிடந்த மூலைக்குத் தாவியது.

கிளையைத் தொட்டால் சுனை சொந்தமாகிவிடும் அல்லவா? அதனால் கிளைக்கு அடியில் யாரும் கைவைக்கவில்லை. அங்கே மட்டும் களிமண் பெயராமல் இருந்தது. அதில் ஒரு யானைக் காலடி, கிண்ணம் மாதிரி. அதற்குள் பிளந்த குளம்புத் தடங்கள். அவற்றின் மேல் மயிலின் விரல்கள். அந்தப் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நெளிந்தன. எல்லாமும் இல்லை. மிஞ்சியவை.

"அதோ!" என்று ஒரு குரல் கேட்டது. பெரியம்மாதான். "அங்கே இன்னும் அசல் மண் மிச்சமிருக்கிறது. அந்தக் கிளையைத் தூக்கு!"

யானைகள் வந்தன. பன்றிகள் வந்தன. மயில்கள் பறந்தே வந்தன.

'விட்டுவிடுங்கள்' என்று கெஞ்ச வாயைத் திறந்த தவளை, அப்படியே மூடிக்கொண்டது. கெஞ்சிப் பயனில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"எடுத்துக்கொள்ளுங்கள், பெரியம்மா. எனக்கென்ன? ஒரே ஒரு சந்தேகம். இதிலே ஒரு காலடி இருக்கிறது. இது யாருடைய காலடி?"

மூன்றும் குனிந்து பார்த்தன.

"இதென்ன கேள்வி? இந்த வட்டம் யாருடையது? எங்களுடையது!" என்றது பெரியம்மா.

"வட்டத்துக்குள் குளம்பு இருக்கிறதே, கண் தெரியவில்லையா? உள்ளே இருப்பவன்தான் வீட்டுக்காரன்!" என்றது பன்றியார்.

"மேலே இருப்பது யார் விரல்? மேலே இருப்பதுதானே மேலானது?" என்றது மயிலார்.

"அப்படியானால் தீர்ப்பு வரும்வரை இதை யாரும் தொடக் கூடாது அல்லவா?" என்று தவளை ஒன்றும் தெரியாததுபோல் கேட்டது.

"தொட்டுப் பார்க்கட்டும்!" என்று மூன்றும் சேர்ந்து கத்தின.

அன்றே காவல் போட்டார்கள். ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் பன்றி, கிளையின் மேல் மயில். நடுவர் யார் என்பதிலேயே முதல் வழக்கு ஆரம்பித்தது. ஆந்தையை மயில்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கரடி பன்றிகளுக்குத் தூரத்து உறவு என்று யானைகள் சொன்னன. கரடி எங்களுக்கு உறவே இல்லை என்றன பன்றிகள். ஆனால் கரடி நடுவராக வந்தால் நல்லது என்றன.

ஒரு பாம்பு தலைப்பிரட்டைகளை எட்டிப் பார்த்தது. "நீ எந்தக் கூட்டத்துக்குச் சாட்சி சொல்ல வந்தாய்?" என்று மூன்று காவலும் கேட்டன. பாம்புக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த வழியே போய்விட்டது. கொக்கு ஒன்று வந்து இறங்கியது. அதன் கால் மண்ணில் படுவதற்குள் விரட்டினார்கள். வெயிலடித்தது, கிளை நிழல் கொடுத்தது. சில்லென்று ஒரு தூறல் போட்டது. காலடியில் தண்ணீர் குறையவில்லை.

வழக்கு நடந்துகொண்டே இருந்தது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்தது. பிறகு முன்னங்கால் முளைத்தது. பிறகு வால் போயிற்று.

நடுவர் கிடைப்பதற்குள் தவளைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக யானையின் காலடியிலிருந்து தாவி, பன்றியின் முதுகில் ஏறி, மயிலின் தோகைக்கு அடியில் நுழைந்து, காட்டுக்குள் போய்விட்டன. தவளையும் கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. காவலில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு மழை பலமுறை பெய்தது. சுனையில் தண்ணீர் நிற்கவில்லை.

இன்று அந்தக் காட்டில், மூன்று கூட்டமும் அள்ளிப்போன மண் மூன்று மேடுகளாக இருக்கிறது. யானைகள் ஒன்றைச் சுற்றி வருகின்றன. பன்றிகள் ஒன்றைச் சுற்றி வருகின்றன. மயில்கள் ஒன்றைச் சுற்றி ஆடுகின்றன. "இதுதான் அசல் சுனை" என்று குட்டிகளுக்கும் குஞ்சுகளுக்கும் காட்டுகிறார்கள்.

"சுனை என்றால் தண்ணீர் இருக்குமே? தண்ணீர் எங்கே?" என்று ஏதாவது ஒரு குட்டி கேட்கும்.

மூன்று மேட்டிலும் ஒரே பதில்தான்.

"மற்ற இரண்டு பேரும் கொண்டுபோய்விட்டார்கள்."

கதை இவ்வளவுதான், பிள்ளைகளே. விலங்குகள் பேசியதை என்னால் சரிபார்க்க முடியாது. களிமண்ணைப் பற்றி மட்டும் பிறகு விசாரித்துப் பார்த்தேன். அது உண்மைதான். ஈரக் களிமண்ணைக் கால்கள் மிதிக்க மிதிக்க அது இறுகித் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கும். புதிதாக வெட்டிய குளத்தில் மாடுகளை விட்டு மிதிக்கவைக்கும் பழக்கமும் உண்டு. எந்த மாட்டின் கால் என்று மண் பார்ப்பதில்லையாம்.

நீதி: எல்லோர் காலும் மிதித்த மண்ணில்தான் தண்ணீர் நிற்கும், அவரவர் பங்கை அள்ளிப்போனால் அவரவர்க்கு மிஞ்சுவது மண்தான்.